நாற்பத்தெட்டு தறியும் நின்ற நாள்

கிட்டே வந்து உட்காருங்கள் என் கண்ணுகளே. கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வையுங்கள். இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை சொல்லப் போகிறேன். இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு பூட்டுகூட உடையவில்லை. திருட வந்தது ஒரு புத்தகம். நாற்பத்திரண்டு பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. பொய்யே சொல்லாமல் ஒரு தெருவின் தரையை உருவிக்கொண்டு போகப் பார்த்த அந்தப் புத்தகத்தை நம் எழிலரசி எப்படிப் பிடித்தாள் என்று சொல்கிறேன். நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. உங்களுக்கும் எரியும். எரியட்டும், நல்லதுதான்.

ஆரணி தாலுக்கா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் எழிலரசியின் மேசை. மனு எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. துப்பு துலக்குவது அவளாக எடுத்துக்கொண்டதல்ல, வந்து ஒட்டிக்கொண்டது. மனு எழுத வருகிறவர்கள் பாதிதான் சொல்வார்கள். மீதியைத் தேடிக்கொண்டு இவள் போவாள். கூடவே தங்கவேலுவும் போவார். போன ஜூன் வரை டவுன் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் தன் மொபெட்டை அவள் மேசை பக்கம் நிறுத்தியவர்தான், இன்னும் எடுக்கவில்லை. விசில் இன்னமும் சட்டைப் பையில்.

அன்று காலை பத்து மணிக்கு ஸ்வர்ணலதா வந்தாள். சேவூரில் பட்டு நெய்கிறவள். முப்பத்தெட்டு வயது. வந்த வேகத்தில் ஒரு புத்தகத்தை மேசை மேல் அறைந்தாள். மைப்புட்டி குதித்தது.

"இத எரிச்சுடலாமா, இல்ல இதுக்கு ஒரு மனு எழுதலாமா? நீங்களே சொல்லுங்கக்கா."

"எரிக்கறதுக்கு மனு எதுக்கும்மா? தீப்பெட்டி போதும், எங்கிட்டயே இருக்குது" என்றார் தங்கவேலு.

"அண்ணே, கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் எழிலரசி. "நீ உக்காரு. இன்னா ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லு."

ஸ்வர்ணலதா உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினாள். அவள் தெருவில் நாற்பத்தெட்டு வீடு. எல்லாருக்கும் பொதுவாகத் தெரு முனையில் ஒரு பாவடி, அதாவது பாவு எனும் நெடுக்குப் பட்டிழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழை பார்த்து முடிச்சுப் போடுகிற வெற்று நிலம். விடியலில், வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை. அது இல்லாவிட்டால் தறிக்குப் பாவு இல்லை. அந்த நிலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை என்று இந்தப் புத்தகம் சொல்கிறதாம். இன்று மூன்று மணிக்குத் துணைத் தாசில்தார் நேரில் வந்து விசாரிக்கப் போகிறார்.

"அது மட்டும் இல்லக்கா. பதினேழாம் பக்கம் பாருங்க."

பதினேழாம் பக்கத்தின் நடுவில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டிருந்தது: 'தறி ஓடலைங்க. எப்படி ஓட்ட மனசு வரும்?' கீழே அவள் பெயர்.

"சொன்னியா?"

"சொன்னேன். அது என் பேச்சுதான். ஆனா எப்ப சொன்னேன், எதுக்கு சொன்னேன்னு சத்தியமா ஞாபகம் வரல. நோட்டு புடிச்சிகினு எத்தினியோ பேர் வர்றாங்க, ஒண்ணு சொன்னா போயிடுவாங்கன்னு சொல்றோம்." அவள் அந்தக் கட்டத்தை விரலால் குத்திக் காட்டினாள். "மாணிக்கவேல் அண்ணன் தெருக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் இத படிச்சாரு. சோறு போட்ட தறிய காட்டிக் கொடுத்தவன்னு சொன்னாரு. அன்னிலேர்ந்து ஒருத்தரும் எங்கிட்ட பேசல. ஒரு பாவு நீட்ட நாலு கை வேணும்க்கா. எட்டு நாளா ஒரு கையும் வரல. என் பாவு சுருட்டுன மேனிக்கு மூலையில கெடக்குது."

மாணிக்கவேல் அந்தத் தெருவின் நெசவாளர் நலச் சங்கத் தலைவர். பட்டுக்கடை வைத்திருப்பவர். நிலத்தைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லித் தெருவைத் திரட்டிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

எழிலரசி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். 'சேவூர் பட்டு நெசவு: ஒரு கள ஆய்வு. பொற்சரடு ஆய்வு மையம், சென்னை.' வழவழப்பான அட்டை. அட்டையில் வெறிச்சோடிய பாவடி, வரிசையாகக் கல்தூண்கள். அட்டையைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கங்களைப் பிரித்தாள். அவள் எதையும் கடைசியிலிருந்துதான் படிப்பாள். எந்த மனுவிலும் முதல் பாதி அழுகை, கேட்பது கடைசியில்.

நாற்பத்தோராம் பக்கத்தில் கேட்டிருந்தது. 'ஆய்வு நாட்களில் பயன்பாடின்றிக் காணப்பட்ட பாவடி நிலத்தில் பட்டு விற்பனை வளாகம் அமைத்து, உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பில் விடுவதைப் பரிசீலிக்கலாம்.'

"நாப்பது பக்கம் ஒப்பாரி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நலிந்த நெசவாளர், வாடிய விரல்கள், அணைந்த விளக்கு. இம்மாம் பாசம் யாருக்கு வரும்? அப்புறம் ஒரே வரியில நெலத்த கேக்கறான். இங்க பாருங்கண்ணே, ரெண்டாம் பக்கத்துல இன்னா போட்டிருக்கான்? 'இந்நூல் கல்வி நோக்கத்திற்காக மட்டுமே.' ஒண்ணுமே கேக்காத காகிதத்த நான் இது வரைக்கும் பாத்ததில்ல. கல்யாணப் பத்திரிகைகூட வரச் சொல்லிக் கேக்குது."

"கருமாதிப் பத்திரிகை?"

"அதுவுந்தான்."

தங்கவேலு கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஆறாம் பக்கத்தைப் படித்தார். "ஆய்வு செய்த வீடுகள் நாப்பத்தெட்டு. தறி ஓடாத வீடுகள் நாப்பத்தெட்டு. அட! என் பஸ்ஸுல நாப்பத்தெட்டு பேர் ஏறினா நாலு பேராவது கரெக்டா சில்லறை வச்சிருப்பான். இவன் கணக்குல ஒருத்தன்கூட தப்பிக்கலியே!" சிரிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். "எழிலு. இந்த தேதி."

"இன்னா தேதி?"

"ஆய்வு நாட்கள்னு போட்டிருக்கான். ஜூன் இருபத்தஞ்சு. நான் ரிட்டயர் ஆவறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி. மேல்மலையனூர் ஸ்பெஷல் டூட்டி. எழுபது பொம்பளைங்க ஏறி, கண்டக்டர் எனக்கே நிக்க எடம் இல்ல, படியில தொங்கிகினு போனேன். அன்னிக்கு அமாவாசை. ரெண்டாவது தேதி ஜூலை இருபத்துநாலு, அது ஆடி அமாவாசை. ஊருக்கே தெரியும்."

ஸ்வர்ணலதா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அமாவாசைக்கு நாங்க தறியத் தொட மாட்டோமே! எங்க தெருவுல எந்த வீட்டுலயும் ஓடாது."

நெசவுக்காரர் வீட்டில் மாதம் ஒரு நாள் தறிக்கு ஓய்வு, அது அமாவாசை. சேவூரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

"சென்னைக்காரன், தெரியாம வந்து மாட்டிகினானோ?" என்றார் தங்கவேலு.

"தெரியாதவன் ஒரு தடவ தெரியாம வருவான்ணே. ரெண்டாவது தடவயும் அதே நாள்ல வந்தா, அவன் தெரிஞ்சவன். இல்ல, தெரிஞ்சவன் அனுப்பினவன்." எழிலரசியின் காது மடல் சூடாகிக்கொண்டிருந்தது. "மூணாவது தேதி?"

"ஆகஸ்ட் பதினொண்ணு." போனில் பஞ்சாங்கத்தைத் தட்டிப் பார்த்த தங்கவேலுவின் முகம் தொங்கியது. "போச்சு. பௌர்ணமி போயி ரெண்டாம் நாள். திங்கக்கெழமை. நல்ல வேல நாள். அன்னிக்கும் நாப்பத்தெட்டும் ஓடலன்னு போட்டிருக்கான். உன் கதை பாதி வழியில பஞ்சர் எழிலு."

இங்கிலீஷ் தேதியாகச் சொன்னதில் ஸ்வர்ணலதாவுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. உள் அட்டையில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. எழிலரசி அதன் மேல் விரலை வைத்தாள். 'களப்பணி: ஆகாஷ், வெம்பாக்கம்.'

"வெம்பாக்கத்து ஆகாஷா? பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில என் போனுக்கு கண்ணாடி ஒட்டினவன்" என்றார் தங்கவேலு. "ஒட்டி முடிக்கற வரைக்கும், நான் எம்.ஏ. அங்கிள், நான் எம்.ஏ. அங்கிள்னு சொல்லிகினே இருந்தான். நானும் பரவால்ல, கண்ணாடி நேரா ஒட்டுப்பான்னு சொன்னேன்."

"ஸ்வர்ணம், நீ வீட்டுக்குப் போ. மூணு மணிக்கு பாவடியில நில்லு. எவன் இன்னா பேசினாலும் நகராத. ஏறுங்கண்ணே, ஜல்தி."

செல்போன் கடையில் ஆகாஷ் ஒரு உடைந்த திரையைப் பிரித்துக்கொண்டிருந்தான். எழிலரசி புத்தகத்தை அவன் முன் வைத்ததும் அவன் கை நின்றது.

"உன் பேர் போட்ட பொஸ்தகம் ஒருத்தி வீட்டுப் பாவ எட்டு நாளா மூலையில போட்டு வச்சிருக்குது. தெருவே அவகிட்ட பேசல. உனக்குத் தெரியுமா?"

"மேடம், இத நான் எழுதல மேடம்!" அவன் பதறி எழுந்தான். "வீடு வீடா கேட்டு ஃபார்ம் எழுதிக் கொடுத்தது மட்டுந்தான் நான். பொஸ்தகம் வந்ததையே போன வாரந்தான் பாத்தேன். எனக்கே பேஜாரா இருக்குது. நான் எழுதுன ஃபார்ம் எல்லாம் படம் புடிச்சு வச்சிருக்கேன், இதோ பாருங்க."

போனில் படம் படமாகத் தள்ளினான். ஒவ்வொரு ஃபார்மிலும் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் அவன் கோணல் கையெழுத்து: 'அமாவாசை, தறி விடுமுறை.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும். புத்தகத்தில் அந்தக் கட்டமே இல்லை.

"இத எடுத்தது யாரு?"

"சென்னை சென்டர் சார். ஏன் சார் எடுத்துட்டீங்கன்னு கேட்டேன். படிக்கறவங்களுக்கு சுருக்கமா இருக்கணும்னாரு."

"ஆகஸ்ட் பதினொண்ணு காட்டு. ஸ்வர்ணலதா."

ஆகாஷ் தேடி எடுத்தான். குறிப்பில்: 'துக்க வீடு. தெரு முழுதும் தறி நிறுத்தம்.' மேலே அவள் சொன்ன பதில், முழுதாக: 'பெரிய உசுரு ஒண்ணு போயிருக்குது. தறி ஓடலைங்க. எப்படி ஓட்ட மனசு வரும்?'

அச்சுப் போட்டவன் முதல் வாக்கியத்தை அறுத்து எறிந்துவிட்டு மற்றதை மட்டும் கட்டம் கட்டியிருக்கிறான். ஒருத்தி செத்தவளுக்காகச் சொன்ன சொல்லை எடுத்துத் தொழில் செத்துப்போனதற்குச் சாட்சி ஆக்கியிருக்கிறான். இருபது வருடமாக அடுத்தவர் வார்த்தையை எழுதிப் பிழைக்கிறவள் எழிலரசி. ஒரு கிழவி 'சும்மா' என்று சொன்னால் அந்த 'சும்மா'வையும் சேர்த்து எழுதுகிறவள். அந்தச் சென்னைக்காரன் எதிரே இருந்திருந்தால் அன்று மைப்புட்டி அவன் தலையில்தான் உடைந்திருக்கும்.

"எந்த நாள் போகணும்னு உனக்கு யார் சொன்னது?"

"அதுவும் சென்டர் சார்தான். முதல் ரெண்டு தேதியும் ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லிட்டாரு. மூணாவது மட்டும் திடீர்னு காலைல ஏழு மணிக்கு போன். இன்னிக்கே போ, ஒடனே போன்னாரு. போய்ப் பாத்தா சாவு வீடு. எனக்கே சங்கடமாப் போச்சு மேடம்."

"சாவு எப்ப விழுந்துதாம்?"

"விடிகாலை நாலு மணின்னு பேசிகினாங்க."

எழிலரசி தங்கவேலுவைத் திரும்பிப் பார்த்தாள். "சேவூர்ல நாலு மணிக்கு விழுந்த சாவு, சென்னையில இருக்கறவனுக்கு ஏழு மணிக்கெல்லாம் எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"யமன் அவனுக்கு ஒரு காப்பி அனுப்பியிருப்பான்."

"யமன் இல்ல. அமாவாசைய காலண்டர் வச்சிருக்கற எவனும் சொல்லிடுவான். அதனாலதான் உங்க மூணாவது தேதி பஞ்சர் இல்ல, அதுதான் வண்டியே. இந்தச் சாவ அந்தத் தெருவுல இருந்தவனாலதான் சொல்ல முடியும்." அவள் புத்தகத்தை மூடினாள். அட்டைப்படம் மேலே வந்தது. "படம் மட்டும் நல்லா எடுத்திருக்கே ஆகாஷ்."

"அது நான் எடுக்கல மேடம். நான் எடுத்தது எல்லாம் கீழ நின்னு எடுத்தது."

எழிலரசி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த ஃபார்ம் படங்கள் எல்லாவற்றையும் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மொபெட்டில் போகும்போது தங்கவேலு பொறுக்க முடியாமல் கேட்டார். "யாரு எழிலு? எனக்கு மட்டும் சொல்லு. விசில் அடிக்க மாட்டேன்."

"யாருன்னு கேக்காதீங்க. எங்க நின்னான்னு கேளுங்க."

மூன்று மணிக்குப் பாவடியில் வெயில் காய்ந்தது. நீள நிலம், இரண்டு வரிசைக் கல்தூண், ஓரமாக ஒரு புங்கமரம். சுற்றிலும் ஓட்டு வீடுகளும் தாழ்ந்த தளம் போட்ட வீடுகளும். கிழக்கே மட்டும் ஒரே ஒரு மாடிவீடு. அது மாணிக்கவேலுடையது. அவர் வெள்ளை வேட்டியில் துணைத் தாசில்தார் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, கை கட்டி நின்றார். தெருவே கூடியிருந்தது. ஸ்வர்ணலதாவைச் சுற்றி மட்டும் நாலடி வட்டத்துக்கு ஆளே இல்லை.

"நாங்க போராடறோம்மா" என்றார் மாணிக்கவேல். "ஆனா இன்னா பண்றது, நம்ம வீட்டுப் பொண்ணே தறி ஓடலன்னு வாக்குமூலம் கொடுத்துட்டுது. இவ வாயால கெட்டோம். அரசாங்கம் எடுத்துக்கறதுதான்னா எடுத்துக்கட்டும். வெளியாளுக்குப் போகாம எங்க சங்கத்துக்காவது கொடுங்க. அது போதும்."

கூட்டம் தலையாட்டியது. எழிலரசி முன்னால் வந்தாள்.

"அம்மா, இந்தப் பொஸ்தகத்துல ஒரு வரியும் பொய் இல்ல. அத மொதல்ல சொல்லிடறேன்."

"அப்புறம் எதுக்கு ஆட்சேபணை?" என்றார் துணைத் தாசில்தார்.

"ஞாயித்துக்கெழமை இஸ்கூலுக்குப் போயி, ஒரு புள்ளையும் படிக்கல, கட்டடத்த இடிச்சிடலாம்னு ஒருத்தன் எழுதினா, அதுலயும் பொய் இல்லம்மா." அவள் ஃபார்ம் படங்களை நீட்டினாள். "ஜூன்ல அமாவாசை. ஜூலையில அமாவாசை. ஆகஸ்ட் பதினொண்ணு, இந்தத் தெருவுல கிருஷ்ணம்மா செத்த நாள். களத்துக்கு வந்த ஆளு மூணையும் ஒழுங்கா எழுதி வச்சிருக்கான். அச்சுப் போட்டவன் அறுத்துட்டான். ஸ்வர்ணலதா சொன்னதுலயும் தலைய அறுத்துட்டான். பெரிய உசுரு போயிருக்குதுன்னு சொல்லித்தான் அந்தப் பொண்ணு அத சொன்னது."

தான் எங்கே நின்று அதைச் சொன்னோம் என்று அந்த நொடிதான் ஸ்வர்ணலதாவுக்கு நினைவு வந்தது. கையில் மாலையோடு, கிருஷ்ணம்மா வாசலில். அவள் முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. கிருஷ்ணம்மா மாணிக்கவேலின் தாய். ஸ்வர்ணலதாவுக்குப் பாவு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவள்.

"ஆத்தா செத்த அன்னிக்கா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அன்னிக்குன்னு பாத்து ஆள் அனுப்பினது யாரு?" என்றாள் எழிலரசி. "சாவு விழுந்த மூணு மணி நேரத்துல சென்னைக்குச் சேதி போயிருக்குது."

மாணிக்கவேல் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "இவளே சொல்லியிருப்பா. நோட்டுக்காரனோட பேசிகினு இருந்தவ இவதானே?"

"நானா? வாய் கூசல உங்களுக்கு?" ஸ்வர்ணலதா ஒரு அடி முன்னால் வந்தாள். எழிலரசி கையை மட்டும் உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"அம்மா, அட்டைப்படத்துல இன்னா தெரியுதுன்னு எல்லாரும் பாத்தாச்சு. எடுத்தவன் எங்க நின்னான்னு இப்பப் பாத்துடலாமா? தங்கவேலு அண்ணே!"

தங்கவேலு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு புறப்பட்டார். விசிலை ஊதினார். "வழி விடு, வழி விடு, பின்னாடி போ!" புங்கமரத்தடியில் நின்று பார்த்தார். "இங்க இல்ல." மேற்கு முனையில் நின்றார். "இங்கயும் இல்ல." ஒரு வீட்டுப் படி மேல் ஏறினார். அந்த வீட்டுக்காரி, "மெதுவா தாத்தா" என்றாள். "தாத்தாவா? போன மாசம் வரைக்கும் பொண்ணு பாத்துகினு இருந்தேன்" என்று இறங்கினார். நிலம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, துணைத் தாசில்தார் முன் புத்தகத்தை நீட்டினார்.

"அம்மா, படத்துல கல்தூணோட உச்சந்தலை தெரியுது. கீழ எங்க நின்னாலும் எனக்கு அதோட இடுப்புதான் தெரியுது. ஒண்ணு எனக்கு இன்னும் பதினஞ்சு அடி ஒசரம் வேணும். இல்லன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அத்தனை தலையும் ஒன்றாகக் கிழக்கே நிமிர்ந்தது, மாணிக்கவேலின் மொட்டை மாடியை நோக்கி.

"இதுல இன்னா இருக்குது?" மாணிக்கவேல் சிரிக்கப் பார்த்தார். "மாடிக்கு வெளிப்படி. கதவு கெடையாது. ஆடி அமாவாசைக்கு ஆய்வுக்காரங்க வந்தாங்க, மேலேர்ந்து ஒரு படம்னு கேட்டாங்க, எடுத்துகினு போனாங்க. காப்பிகூட கொடுத்தேன். விருந்தாளிக்கு காப்பி கொடுத்தது குத்தமா?"

துணைத் தாசில்தார் மெல்லத் தலையசைத்தார். நியாயமான பதில்தான். கூட்டம் மூச்சு விட்டது. தங்கவேலு எழிலரசியைப் பார்த்தார். விசில் அவர் உதட்டிலேயே தொங்கியது.

எழிலரசி புத்தகத்தை வாங்கி ஸ்வர்ணலதாவின் கையில் கொடுத்தாள். "நான் வெளியூர்க்காரி. இது உன் தெரு. நடுவுல பாக்காத, கீழ எடது ஓரம் பாரு."

ஸ்வர்ணலதா பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மூலை. சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட துணி. அதன் அடியில் சுவரில் சாய்த்த இரண்டு பச்சை மூங்கில், இலைகூடக் கழிக்காமல்.

"பந்தல்" என்றாள். "இது கிருஷ்ணம்மா அத்தையோட பந்தல். இது பாடை கட்ட வெட்டுன மூங்கில்."

புத்தகம் கைக்குக் கை போனது. எட்டு நாளாக அவளோடு பேசாதவர்களின் கைகள். மாணிக்கவேல் வாசலில் அந்த வருடம் போட்டது ஒரே பந்தல். அது நின்றது ஒரே ஒரு பகல்.

"அன்னிக்கு மாடியில யார் இருந்தாங்க?" என்று எழிலரசி கேட்டாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணன்தான். சொந்தக்காரங்களுக்கு போன் பண்ணணும், கீழ ஒரே அழுக சத்தம், ஒண்ணும் கேக்கலன்னு... காலைல பூரா மேலதான் இருந்தாரு. ஐயோ, நாங்க அவருக்கு மேலயே காப்பி கொடுத்து அனுப்பினோமே!"

மாணிக்கவேல் தன் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊர் நல்லதுக்குத்தான்" என்றார் கடைசியில். "கடை வந்தா உங்க புள்ளைங்களுக்குத்தானே வேல? சங்கம் பேர்லதானே கேட்டேன், என் பேர்லயா கேட்டேன்?"

"சங்கம் யாரு? அந்த மாடிக்குக் கீழ கடை வச்சிருக்கறது யாரு?" எழிலரசிக்கு இப்போதுதான் குரல் உயர்ந்தது. "கேக்கணும்னா நேரா கேட்டிருக்கலாம், தெரு பதில் சொல்லியிருக்கும். பெத்தவ பொணம் வாசல்ல கெடக்க, அவளுக்காக நின்ன தறிய எண்ணி அனுப்பியிருக்கீங்க. அப்புறம் இந்தப் பொண்ணு பேர கூட்டத்துல படிச்சீங்க. ஏன்? எல்லாரும் இவ சொன்னத பத்தி சண்ட போட்டுகினு இருந்தா, எழுத வச்சது யாருன்னு எவனும் கேக்க மாட்டான்ல?"

துணைத் தாசில்தார் எழுந்தார். ஃபார்ம்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த ஆய்வை வைத்து ஒரு முடிவும் எடுப்பதற்கில்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பாவு எத்தனை மணிக்கு நீட்டுவீங்க?"

"அஞ்சரைக்கும்மா" என்று பத்து குரல்.

"நானே வந்து பாக்கறேன். எந்த நாள்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அமாவாசையா இருக்காது, அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஜீப் போனது. மாணிக்கவேல் வீட்டுக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. பெண்கள் மெல்ல மெல்ல ஸ்வர்ணலதாவைச் சுற்றி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவள் தோளைத் தொட்டாள். "நாளைக்கு விடிகாலைல உன் பாவுக்கு நாங்க எல்லாம் வர்றோம்டி. மனசுல வச்சுக்காத."

ஸ்வர்ணலதா அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"இருவது வருசமா உங்க பக்கத்துல இருக்கறேன். உங்க வீட்டுப் பாவுக்கெல்லாம் கஞ்சி போட்டிருக்கறேன். எவனோ எங்கயோ அச்சடிச்சத கையில வச்சிகினு என் மூஞ்சிய பாக்காம போனீங்க. எழுதினவன் யாரு, எதுக்கு எழுதினான், ஒருத்தி கேட்டிருப்பீங்களா? அது கெடக்கட்டும். நான் சொன்னேனா இல்லையான்னு எங்கிட்ட ஒருத்தி வந்து கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். தங்கவேலு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வாங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன், நாலு கை இல்லாம பாவு நீளாது. அஞ்சரைக்கு வாங்க, புடிங்க, கஞ்சி போடுங்க, போங்க. ஆனா ஒருத்தியும் எங்கிட்ட பேசக் கூடாது. எப்ப பேசலாம்னு நான் சொல்றேன்."

திரும்பி நடந்தாள். மறுநாள் விடியலில் அவள் பாவுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் நீட்டி, கஞ்சி போட்டு, இழை பார்த்து முடித்துவிட்டுப் போனார்கள். அவள் இன்னும் பேசலாம் என்று சொல்லவில்லை. அவளை அவசரப்படுத்த எழிலரசிக்கும் மனசு வரவில்லை.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டு அடுப்பு எரியட்டும். உங்கள் வீட்டுப் பெண் சொன்ன சொல்லை முதலிலிருந்து கடைசி வரை கேட்கிற காது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் 'நீ யார், உனக்கு என்ன வேணும்' என்று கேட்கிற தைரியத்தோடு வளரட்டும். நிறைஞ்சு இருங்கள், நல்லா இருங்கள்.